ஏழாவது மாடியில் ஆறு மணி வெளிச்சம்

எங்கள் வளாகத்தில் கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், எதிர்க் கட்டடத்தில் வீடுகள். திறந்து இரண்டு வருடம் ஆகிறது. கீழ்த்தளத்தைத் துடைக்கிறவள் நான். ஏழாவது மாடியைப் பார்த்துக்கொண்ட அக்காவை நாங்கள் ‘மகாராணி’ என்று கூப்பிடுவோம். அத்தனை பெரிய மாடிக்கு அவள் ஒருத்திதானே!

அந்த மாடியை ஏதோ ஒரு கம்பெனி ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்து, மேஜை நாற்காலியெல்லாம் போட்டுவிட்டு, ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மகாராணி தூசி தட்டுவாள், எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர் திறந்துவிடுவாள். விடாவிட்டால் கழிவுக் குழாய் காய்ந்து நாற்றம் மேலே ஏறிவிடும். யாரும் போகாத கழிப்பறைக்குத் தினமும் தண்ணீரா என்று நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

முன்பு பத்து வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசிப் பழகியவள். புருஷன் இல்லை, மகள் மாப்பிள்ளையோடு வெளிநாட்டில். “வாய் துருப்பிடிச்சுப் போச்சுடி” என்பாள் என்னிடம். எனக்கும் தலைக்கு மேல் வேலை, நின்று கேட்டதில்லை.

ஆள் அசைந்தால்தான் அங்கே விளக்கு எரியும். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் அணைந்துவிடும். ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பட்டென்று அணைய, கையைத் தூக்கி ஆட்டியிருக்கிறாள். வெளிச்சம் வந்தது. எதிர் பால்கனியில் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மாளும் கையைத் தூக்கி ஆட்டினாள். இவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாளாம். நின்றால்தானே!

அன்றிலிருந்து விளக்கு அணையட்டும் என்றே தினமும் ஆறு மணிக்கு ஆடாமல் அசையாமல் உட்காருவாள். அணைந்ததும் இங்கிருந்து ஒரு கை, அங்கிருந்து ஒரு கை. “அவங்க ஒருநாள்கூட வராம இருந்ததில்லடி” என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். போய்ப் பார்க்கலாம் என்றால், யாரைப் பார்க்க என்று பெயர் சொல்லாமல் அந்தக் கட்டடத்துக் காவலாளி உள்ளே விடமாட்டான். பெயருக்கு எங்கே போவது?

போன வாரம் மத்தியானம் சூப்பர்வைசர் வந்தார். “கம்பெனி இடத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா. இனிமே உங்களுக்குப் பார்க்கிங்ல வேலை.”

“சாயங்காலம் ஒரே ஒரு தடவை மேல போய்ட்டு வரேன் சார்.”

“காலி இடத்துல உங்களுக்கு என்ன வேலை?”

அவள் சாவியை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “சரி, போய்ட்டு வந்து சாவியைக் குடுத்துடுங்க” என்றார்.

ஆறு மணிக்குப் போனாள். மின்சாரத்தை அதற்குள் துண்டித்திருந்தார்கள். கையை ஆட்டினாள். நாற்காலி மேல் ஏறி நின்றும் ஆட்டினாள். வெளிச்சம் வரவில்லை. எதிரே அந்த அம்மாள் இருட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகாராணி லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடி வந்தாள். நான் துடைத்த ஈரத்தில் வழுக்கி விழப் பார்த்தாள். “பாத்துக்கா!” என்று கத்தினேன். அவள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே முற்றத்து விளக்கடியில் நின்று, அண்ணாந்து, இரண்டு கையையும் ஆட்டினாள். “அம்மா! இங்க, கீழ!” கடைக்கு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மாப்பைப் போட்டுவிட்டு நானும் போய் நின்று கையை ஆட்டினேன்.

கடைசியில் அந்த அம்மாளும் கையைத் தூக்கினாள். இருட்டாகக் கிடந்த ஏழாவது மாடியைப் பார்த்து.