குசினி வாசலில் வால்ட்ஸ்

என் வீட்டுக்காரருக்கு முதன்முதலில் கால் ஒட்டிக்கொண்டது குசினி வாசலில்தான். காபி டம்ளரோடு வெளியே வந்தவர் நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். ஏதோ யோசனையில் நிற்கிறார் என்று நினைத்து நான் பாட்டுக்கு உள்ளே அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, கால் வர மாட்டேங்கு" என்றார்.

குரலில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. கப்பல் இஞ்சின் ரூமில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். கடல் புரட்டிப் போடும்போதும் எண்ணெய் படிந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்கியவர். அவருக்குச் சொந்த வீட்டின் மொசைக் தரையில் கால் நகரவில்லை.

பாளையங்கோட்டை டாக்டர் பார்க்கின்சன் என்றார். கை நடுங்குகிற நோய் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். இவருக்குக் கையைவிடக் காலைத்தான் பிடித்தது. மாத்திரையில் பாதி தேறினார். கடற்கரை ரோட்டில் விட்டால் நன்றாக நடப்பார். வாசல், கூட்டம், குறுகலான இடம் என்று வந்தால் மட்டும் இரண்டு பாதமும் பசை போட்டதுபோல் நின்றுவிடும்.

ஒரு நாள் மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனார். ஏலம் விடுகிற இடத்தில் மீன் பெட்டிகளுக்கு நடுவே கால் நின்றுவிட்டது. பின்னால் பெட்டி தூக்கி வந்த ஆள், "காலையிலேயே ஊத்திட்டு வந்து வழியில நிக்காரு பாரு" என்று சத்தம் போட்டிருக்கிறான். சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகு தெருவில் இறங்கவில்லை. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட டிவியில் பார்த்தார். நான் கூப்பிட்டால், "நீ போயிட்டு வா" என்பார்.

நான் எங்கள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தபோது கற்றுக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. கீபோர்டில் தாளங்கள் வரிசையாக இருக்கும். அதில் பால்ரூம் என்று ஒரு தனிப் பிரிவு. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், சா-சா, ரும்பா, டாங்கோ எல்லாம் அதற்குள் வரும். வெள்ளைக்காரர்கள் ஜோடி போட்டு ஆடுகிற தாளம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று தட்டில் வரும் மாதா பாட்டுகளுக்கு வால்ட்ஸை மட்டும் போட்டுக்கொள்வேன், அதுவும் டிரம் சத்தத்தைக் குறைத்துவிட்டு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மறுநாள் பூசைக்குப் பழகிக்கொண்டிருந்தேன். டிரம்மைக் குறைக்க மறந்துபோனேன். தும்-சக்-சக், தும்-சக்-சக் என்று வீடே அதிர்ந்தது. ஒரு பாட்டை முடித்துத் திரும்பினால் அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.

"எப்ப வந்தீங்க?"

"பாத்ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு உன்னைக் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். உன் காதுல விழல. பொறவு கால் தானா வந்துட்டு. ஏளா, அத நிறுத்தாத, போட்டுக்கிட்டே இரி."

தாளத்தை மட்டும் ஓடவிட்டேன். அவர் குசினிக்குள் போனார். நிலைப்படியில் நிற்கவில்லை. வெளியே வந்தார், பாத்ரூமுக்குள் போனார், திரும்பி வந்தார். புது சைக்கிள் கிடைத்த பிள்ளை மாதிரி வாசல் வாசலாகப் போய் வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவருக்குப் பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்குப் போன் போட்டேன். "உள்ள இருக்க தாளம் தப்பிப்போச்சுக்கா. வெளியில இருந்து ஒரு தாளம் கிடைச்சா கால் அதைப் பிடிச்சுக்கும். எல்லாருக்கும் இப்படி வராது. சாருக்கு வருதுன்னா விட்டுராதீங்க. கூட ஒரு ஆள் பிடிச்சுக்கணும், அது முக்கியம்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பால்ரூம் பிரிவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சா-சாவில் அவருடைய கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. டாங்கோ வெடுக் வெடுக்கென்று நின்று நின்று போனது. "எனக்கு நிக்கது சொல்லித்தர வேண்டாம், அது தெரியும்" என்று அதை அணைக்கச் சொன்னார். நேராக நடக்க ஃபாக்ஸ்ட்ராட் நன்றாக இருந்தது. ஆனால் வால்ட்ஸ்தான் அவருக்கு ஏற்றது. உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தொட்டில் மாதிரி போய்ப் போய் வந்தது.

திரும்புவதுதான் சிக்கல். நேராகப் போவார், சுவர் வந்ததும் நின்றுவிடுவார். ஒரு சாயங்காலம் அப்படி நின்றவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"திரும்பணும்னா ஆள் வேணும். இங்கன வா."

போனேன். என் வலது கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தார். இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்ணுதீங்க?"

"ஆடப் போறோம்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். அவர் இருந்த கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் சமையல் செய்தாராம். ஆட்டப் பிரியர். கரை கண்ணில் படாத வாரங்களில் சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாட்டைப் போட்டு ஆடுவாராம். கப்பலில் பெண்கள் ஏது? இவரைத்தான் ஜோடியாகப் பிடித்துக்கொள்வாராம்.

"அவன்தான் எப்பவும் ஆம்பளை ஸ்டெப்பு. எனக்குப் பொம்பளை ஸ்டெப்புதான் வரும்" என்றார்.

கலியாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் இதைச் சொன்னதே இல்லை. சோபாவில் விழுந்து சிரித்தேன். பிறகு எழுந்து, அவர் சொல்லச் சொல்ல நான் ஆம்பளை ஸ்டெப்பு ஆடினேன். நான் முன்னால் வர, அவர் பின்னால் போனார். முன்னால் எடுத்து வைக்க ஒட்டுகிற கால் பின்னால் எடுத்து வைக்க ஒட்டவில்லை. இரண்டு முறை அவர் விரலை மிதித்தேன். சுவர் வந்தது. திரும்பினோம்.

எதிர்வீட்டில் இருக்கிற அவருடைய அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நேரே வந்துவிட்டார்.

"ஏலே, கட்டிக்குடுக்க மவள வச்சிக்கிட்டு ரெண்டு பேருக்கும் என்ன ஆட்டம்?"

"பிசியோதெரபி டாக்டரம்மா சொல்லியிருக்காங்க மதினி" என்றேன்.

"அவ நடக்கச் சொன்னாளா, ஆடச் சொன்னாளா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றார் இவர், என் தோளில் இருந்து கையை எடுக்காமலே. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் மகளுக்கு அந்த வருஷம் கலியாணம் நிச்சயமானது. எங்கள் கோயிலில் பெண்ணை அப்பாதான் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போவார். வீடியோ காலில் இவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"சித்தப்பா கூட்டிட்டுப் போகட்டும் மக்கா. நடுவழியில நான் நின்னுட்டேன்னா?"

"நின்னா நானும் நிக்கேன் அப்பா. நீங்க வந்தாத்தான் நான் வாரேன்."

கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்தவள், அப்பாவோடு ஹாலில் பழகினாள். வருகைப் பாடலாக மூன்று தட்டில் வரும் மாதா பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டோம்.

அன்று கோயில் நிறைந்திருந்தது. நான் கீபோர்டில் இருந்தேன். பாட்டு தொடங்கியதும் கதவருகே இருந்து இருவரும் நடந்து வந்தார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் அவர் நிமிர்ந்துதான் வந்தார். பாதி தூரம் வந்தபோது போட்டோக்காரர்களும் வீடியோக்காரர்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு குறுக்கே வந்தார்கள். பாதை ஒரு ஆள் போகும் அளவுக்குச் சுருங்கியது. அவர் நின்றுவிட்டார்.

மைக் கம்பிகளுக்கு இடையே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. மீன் ஏலத்தில் இருந்து வந்த அன்றைய முகம். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. நான் வலது கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டேன். இடது கையால் தாளத்தை மட்டும், முதல் தட்டை ஓங்கி, வாசித்தேன். திகைத்துப்போன பாடகர் குழுப் பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அப்போது முன் பெஞ்சில் இருந்து ஒரு குரல் தனியாகக் கிளம்பியது. என் மதினி. கட்டைக் குரலில் பாட்டைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் மரத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு பாடினார். அவரைப் பார்த்துப் பின் பெஞ்சுகளும் சேர்ந்துகொண்டன.

மகள் அப்பாவின் கையைப் பிடித்தபடி இடமும் வலமுமாக லேசாக அசைந்தாள். அவரும் அசைந்தார். ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு முன்னால். அடுத்த அடி. போட்டோக்காரர்கள்தான் விலக வேண்டியதாயிற்று. பீடத்தின் முன்னால் மாப்பிள்ளையிடம் மகளின் கையைக் கொடுக்கும்போது இவருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டிய பிறகு, நாங்கள் பதிவு செய்து வைத்திருந்த வால்ட்ஸைப் போடச் சொன்னார். எல்லார் முன்னாலும் ஆடினோம். வெட்கம் முதல் சுற்று வரைக்கும்தான் இருந்தது.

நோய் போய்விடவில்லை. மாத்திரை கூடியிருக்கிறது, இடது கை இப்போது நடுங்குகிறது. ஆனால் போனில் தாளத்தைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரே துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி வருகிறார்.

கலியாண வீடியோ எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. போன மாதம் பெரியதாழையில் இருந்து ஒரு தம்பதி பஸ் ஏறி வந்தார்கள். அந்த அண்ணாச்சிக்கும் இதே நோய். கடலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறதாம். வால்ட்ஸைப் போட்டோம். இவர் அவருக்குக் காலை எப்படி மாற்றி வைப்பது என்று காட்டினார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாகவே நின்றார்.

"எனக்கு வெக்கமா இருக்கும்மா. இவுக கையப் புடிச்சித் தெருவுலகூட நடந்தது கெடையாது."

"இங்க தெரு இல்ல. நான் கதவைச் சாத்திடுதேன்" என்றேன்.

அண்ணாச்சி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மா வந்து பிடித்தார். தரையையே பார்த்துக்கொண்டு ஹாலை ஒரு சுற்று வந்தார்கள், இன்னொரு சுற்று வந்தார்கள். பாட்டு முடிந்தது. அந்த அம்மா கையை விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த பாட்டப் போடலாம்லா?"