தகட்டில் வைத்த பொட்டு

அரியலூரில் எங்கள் வாடகை வீட்டை உரசிக்கொண்டு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். தூசி சோற்றிலும் விழும், என் மனைவியின் மூச்சிலும் விழும். இழுப்பு வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இடம் மாறுங்கள் என்றார் டாக்டர். சிறுவாச்சூர்ப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் இருந்தது. செங்கல் சுவர் எழும்புவதற்குள் இன்னும் எத்தனை இழுப்போ. எனக்குப் பொறுக்கவில்லை. கப்பலேறி ஓய்ந்த கன்டெய்னர் ஒன்றை லாரியில் வரவழைத்தேன்.

வெல்டர் ஜன்னல் வெட்டினார், தடுப்பு வைத்தார். தரைப் பலகையைப் பெயர்த்துவிடலாம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள், கதவிலிருக்கும் தகட்டைப் பாருங்கள் என்று இரண்டு முறை சொன்னார். நான் பார்க்கவில்லை. எத்தனையோ துறைமுகத்துப் பெட்டிகள் உரசிய கீறல்கள் அந்தப் பலகையில். கடலே இல்லாத ஊரில் கடல்மேல் நடக்கலாம் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதுதான் என் வியாதி.

பால் காய்ச்சும் அன்று காலை, கதவில் மஞ்சள் பூச ஓர் இடம் தேடினேன். அந்தத் தகடு வாகாக இருந்தது. மஞ்சளுக்கு மேல் மூன்று பொட்டு. எழுத்தெல்லாம் மூடிப்போயிற்று.

பால் பொங்கியது. ஏற்றிய விளக்கு அன்று முழுதும் அணையக் கூடாது. காற்று அடித்தது. உறவினர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் கதவையும் ஜன்னலையும் சாத்தினோம். அவள் வெறும் தரையில் படுத்தாள். வெயில் ஏற ஏறப் பலகையிலிருந்து கசப்பாக ஒரு வாடை. புது வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து சுவரைத் தடவினாள். பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. கதவை உதைத்துத் திறந்து அவளை வெளியே தூக்கி வந்தேன். விளக்கு அணைந்தது.

வேப்பமர நிழலில் மூச்சு அடங்க ஒரு மணி நேரமாயிற்று. பிறகு அவளே எழுந்து போய் முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். தரைப் பலகைக்கு ஏற்றிய பூச்சிமருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பொட்டு வைக்கத் தெரிஞ்சுது, படிக்கத் தெரியலீங்களா?"

தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்ச மஞ்சளை நகத்தால் சுரண்டினேன்.

"அந்த வூட்டுக்கே போயிடலாங்க. அங்க தூசியாவது கண்ணுக்குத் தெரியுது."

போய்விட்டோம். அந்த வாரமே பலகை முழுவதையும் பெயர்த்தோம். சிமென்ட் போட்டு டைல்ஸ் பதித்தாயிற்று. ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், கதவையெல்லாம் திறந்து போட்டு, தரையில் முகம் வைத்து மோந்து பார்க்கிறேன். வாடை இல்லை. திரும்பி வந்து, இல்லை என்று அவளிடம் சொல்லத்தான், புது வீடென்றால் அப்படித்தான் என்று சொன்ன வாய் வரமாட்டேன் என்கிறது.