தும்பிக்கை வைத்த லை

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியும் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். பீளமேட்டு டிடிபி கடையில் பாதி ஆயுளைத் தொலைத்தவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். மீன் விற்கிறவனுக்கெல்லாம் நீச்சல் தெரியுமா என்ன?

என் முதலாளியின் பெயர் லையில் முடியும். அரசாணை அந்த எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் அவர் பழையபடி முன்னால் சுழி போட்டுத்தான் எழுதுவார். "தும்பிக்கை இல்லாத யானை பன்னியாட்டம் இருக்குமுங்க கண்ணு" என்பார். கிடைத்த எழுத்துருக்களின் சுழி எதுவும் பிடிக்காமல் மவுஸால் தானே ஒன்றை வரைந்து, ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் அதைக் குடியேற்றியிருந்தார். பெரியவர்கள் கேட்டு வாங்கும் கல்யாணப் பத்திரிகைகளில் அந்த யானைதான் நடந்து போகும்.

அவர் இறந்தபின் கருமாதிப் பத்திரிகைக்காக அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கடைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, அவுரு பேரை அவுரு போடறாப்புலயே போட்டுக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அன்று மாலையே அச்சுக்குப் போகவேண்டும். பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்திருந்தது. கோப்புகள் மட்டும் பென்டிரைவில் பிழைத்திருந்தன. புதியதில் திறந்தால், தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிவரியாய் நின்றன. வைரஸ்! நெட் ஒயரைப் பிடுங்கினேன். பக்கத்து பேக்கரிக்கு ஓடி, பில் போடும் மிஷினை அணைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, பப்ஸுக்கும் பரவுமுங்களா?" என்றார் பேக்கரிக்காரர்.

எழுத்துரு செய்யும் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்துவிட்டு, பிறகு மெல்லச் சொன்னான்: "அது ஆதியிலிருந்தே இங்கிலீசுதானுங்க. உங்க முதலாளியோட எழுத்துரு அதுக்குத் தமிழ்ச் சட்டை போட்டு உட்டிருந்துச்சு. இப்ப யூனிகோடுல தமிழ் எழுத்துக்குன்னே தனி எண் இருக்குது. தும்பிக்கை வேணுமா வேண்டாமான்னு எழுத்துருதான் முடிவு பண்ணும். அவரோடது எங்கீங்க?"

செத்த கம்ப்யூட்டருக்குள்.

பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டலாமென்று கடையெங்கும் தேடினேன். கல்யாணம் முடிந்தபின் பத்திரிகையை யார் வைத்திருக்கிறார்கள்? கடைசியில் நண்பன் வேறொருவர் வரைந்த தும்பிக்கையை அனுப்பினான். அக்காவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா இது அவுருது இல்லீங்க."

வைரஸ் எதுவும் இல்லை. பத்திரிகை சாதாரண லையோடு அச்சாயிற்று.