நூறு காட்டிய மீற்றர்

ஊரில் எங்கள் பெட்டிக்கு வைத்த பெயர் ‘ஐஸ்கிறீம் வண்டி’. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொளுவி வெங்காயம் ஏற்றிய பழைய பெட்டி அது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சித்தப்பா அதற்குக் கூரை போட்டு, யன்னல் வைத்து, வெள்ளைப் பெயின்ற் அடித்து முற்றத்தில் நிறுத்தியதும் ஊருக்குப் பொழுது போகத் தொடங்கிவிட்டது. ஒழுங்கையால் போகிற ஒவ்வொருவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஒரு கோன் தாங்கோ” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. சித்தப்பாவோ சிரித்துக்கொண்டே, “சொக்லேற்றோ வனிலாவோ?” என்று திருப்பிக் கேட்பார்.

அவுஸ்திரேலியாவில் சனம் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே கொளுவிக்கொண்டு நாடு சுற்றுமாம். அப்படி ஒன்று தன் அண்ணனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, செய்து கொடுக்கத்தான் அவர் லீவு எடுத்து வந்திருந்தார். அப்பாவின் சுவாசப்பை கெட்டுப் போயிருந்தது. ஒட்சிசன் மெசினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் படுத்திருப்பார். அம்மாவோ, அப்பாவைக் கதிர்காமம் கூட்டிப் போய் முருகனுக்கு முன்னால் நிறுத்துவதாக நேர்த்தி வைத்திருந்தார். அதைச் செய்துவிட்டால் அப்பா எழும்பி நடப்பார் என்பதில் அம்மாவுக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் கதிர்காமம் நாட்டின் மற்ற அந்தத்தில் இருந்தது. மெசினையும் கொண்டு பஸ்ஸில் போக முடியாது. ஆகவே பெட்டிக்குள் ஒரு கட்டில், ஒரு காற்றாடி, மெசினுக்கு இரண்டு பெரிய பற்றரிகள்.

பற்றரிகளோடு ஒரு சின்ன மீற்றரும் வந்திருந்தது. பற்றரியில் எத்தனை வீதம் மிச்சம் இருக்கிறது, எத்தனை வோல்ற் நிற்கிறது என்று இரண்டு எண்களைக் காட்டும். சித்தப்பா பலகைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு வேலை செய்வார். நான் மேலே நின்று எண்களை உரத்து வாசிப்பேன். பாடசாலையில் வாய்ப்பாடு சொல்லும்போது கூட எனக்கு இவ்வளவு குரல் வந்ததில்லை.

பற்றரியை நிறைய ஏற்றிவைத்துவிட்டு, விசாவை நீட்டுவதற்காகச் சித்தப்பா கொழும்புக்குப் போனார். இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்து, வெள்ளோட்டம் பார்ப்போம் என்று அப்பாவைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். மீற்றர் நூறு காட்டியது. அப்பா யன்னலால் தோட்டத்தைப் பார்த்தபடி, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிற ஆளை அங்கிருந்தே அதட்டத் தொடங்கினார். வெகுநாளைக்குப் பிறகு அவர் அதட்டியது எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். கொஞ்ச நேரத்தில் மெசின் கீச்சிட்டு நின்றது. அப்பாவின் முகம் கறுத்துப் போனது. சித்தப்பா அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அப்பாவுக்கு மூச்சு வந்த பிறகு சித்தப்பா பெட்டிக்குத் திரும்பினார். பலகைக்குக் கீழே தலையை விட்டார்.

“எவ்வளவு காட்டுது, பிள்ளை?”

“நூறு.”

“வோல்ற்?”

“பதினொண்டு தசம் ஆறு.”

“உது பொய் சொல்லுது” என்றார். நிறைந்த பற்றரி என்றால் பன்னிரண்டரைக்கு மேல் நிற்க வேண்டும் என்றும், வீதம் என்பது மீற்றர் போடுகிற கணக்குத்தான் என்றும் அன்றுதான் படித்தேன். பற்றரியிலிருந்து போகிற மின்சாரம் எல்லாம் ஒரு பித்தளைத் துண்டு வழியாகப் போனால்தான் மீற்றர் அதை எண்ணும். “கோயில் முன்வாசல்லை நிண்டு சனத்தை எண்ணுறம். வடக்கு வாசலாலை போனவையை ஆர் எண்ணுறது?” என்று விளக்கினார். ஆகவே வடக்கு வாசலைத் தேடத் தொடங்கினோம்.

விளக்கு, காற்றாடி எல்லாவற்றின் ஆளியையும் நூர்த்து அணைத்த பிறகும் பற்றரி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டு போன சித்தப்பா, கட்டில் பலகைக்குக் கீழே தான் போடாத ஒரு கறுப்பு வயரைக் கண்டார். அது பித்தளைத் துண்டைத் தொடாமல் நேரே பற்றரியில் பூட்டியிருந்தது. மறுமுனை, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு விளக்கில் முடிந்தது. கடையில் வாங்கிய, உள்ளே சின்னப் பற்றரியோடு தன்பாட்டில் எரிகிற விளக்கு என்று சித்தப்பா நினைத்திருந்தார்.

வாசலில் நின்ற அம்மா குரல் எழும்பாமல் சொன்னார்: “நான்தான் தம்பி, அந்த மோட்டார்சைக்கிள் திருத்திற பெடியனைக் கொண்டு கொளுவிச்சனான். நீர் பின்னேரத்திலை எல்லாத்தையும் நூர்த்துப்போட்டுப் போறீர். நேத்தி வைச்ச விளக்கு நூரலாமோ?”

சித்தப்பாவுக்குக் கோபம் வந்ததை நான் கண்டேன். ஆனால் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, “நூர வேண்டாம் அண்ணி. எரியட்டும். எண்ணிக்கொண்டு எரியட்டும்” என்றார். கறுப்பு வயரைக் கழற்றிப் பித்தளைத் துண்டின் மற்றப் பக்கத்தில் பூட்டினார். பற்றரியை மறுபடி ஏற்றி, அடுத்தடுத்த நாட்களில் சோதித்தபோது வீதமும் வோல்ற்றும் ஒன்றாக இறங்கின. நான் வாசித்த எண்களைக் கேட்டு அப்பா உள்ளேயிருந்து கை தட்டினார். ஆடி மாதக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவது என்று நாள் வைத்தாயிற்று. அம்மா பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் செய்து தகரங்களில் அடைத்தார். நான் என் புதுச் சட்டையை ஒரு பையில் வைத்து, தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

பயணத்துக்கு முன் அப்பாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தார்கள். வாடகை வானிலிருந்து சித்தப்பா அப்பாவைத் தூக்கி இறக்கினார். வைத்தியரின் அறைக் கதவடியில் மருந்து எடுக்க வரிசையில் நின்றுவிட்டு வந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. கேட்டதற்கு, தூசி விழுந்துவிட்டது என்றார். அப்பாவுக்கு இனிமேல் நாட்கள்தான் கணக்கு, பயணம் வைத்தால் பாதி வழியிலேயே உயிர் போய்விடும் என்று வைத்தியர் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் சொன்னாராம். இது நான் வளர்ந்து பெரிய ஆளான பிறகு சித்தப்பா தொலைபேசியில் அழுதுகொண்டு சொன்னது. அன்றைக்கு அவர் எங்களிடம் சொன்னது வேறு. “இன்னும் எங்கையோ ஒரு பிழை இருக்கு. பாத்துச் சரிப்படுத்திப்போட்டுப் போவம்” என்றார்.

ஒரு கிழமை போனது. கொடியேறும் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் நானே பெட்டிக்குள் ஏறி மீற்றரைப் பார்த்தேன். நூறு. வோல்ற் பதினொன்று தசம் எட்டு. எனக்கு விளங்கிவிட்டது. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு வயர் மறுபடியும் பழைய இடத்தில் பூட்டியிருந்தது. பற்றரி நட்டைக் கழற்றுகிற சாவி சித்தப்பாவின் காற்சட்டைப் பையைவிட்டு வேறெங்கும் இருந்ததில்லை.

அப்பாவிடம் ஓடினேன். “அப்பா, சித்தப்பா வயரைப் பிழையான இடத்திலை மாத்திப் பூட்டியிருக்கிறார். வேணுமெண்டு செய்திருக்கிறார்!”

அப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

“நான்தான் பிள்ளை மாத்தச் சொன்னனான்.”

“ஏன் அப்பா?”

“கொஞ்ச நாளைக்குப் பிழையாவே இருக்கட்டும். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. என்ன?”

“ஓம்” என்றேன். வயர்ப் பிழையால்தான் பயணம் தள்ளிப் போகிறது என்று அம்மா கடைசிவரை நம்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று அப்பா நினைத்திருக்கிறார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா பயணத்துக்குப் பயந்துவிட்டார் என்பதுதான். அவரோடு கோபித்துக்கொண்டு எழும்பினேன். கொடியேறுவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

அன்று அப்பாவிடமிருந்து எழும்பி நேரே குசினிக்குப் போனபோது அம்மா தகரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

“என்ன பிள்ளை, சித்தப்பா பிழையைக் கண்டுபிடிச்சிட்டாரோ?”

அப்பாவுக்குச் சொன்ன வாக்கு ஞாபகம் வந்தது. “இல்லையம்மா. இன்னும் பிடிபடேல்லை” என்றேன்.

அம்மா ஏங்கிப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பெரிய மூச்சொன்றை விட்டுவிட்டு, பலகைக் கட்டையில் மெல்ல இருந்தார். “அது நல்லம். ஆறுதலாப் பாக்கட்டும். அவரை அவசரப்படுத்த வேண்டாம்” என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நான் போய்விட்டேனா என்று பாராமலே நெடுநேரம் அப்படியே இருந்தார்.

அந்த வீட்டில் கதிர்காமம் போக ஆசைப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று அப்போது எனக்கு நிச்சயமாகிவிட்டது. புதுச் சட்டைப் பையையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய், மூன்று பேரையும் திட்டித் திட்டி அழுதேன்.