இரண்டு பேருக்கு ஒரு இடுப்பு

இடுப்பு அறுபத்தாறு அங்குலம் என்று சீட்டில் இருந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் தையல் கடை புத்தூரில் இருக்கிறது. நான் அங்கே கட்டிங் மாஸ்டர். படிப்பு ஐந்தாவது வரைதான். முதலாளியை பாய் என்று கூப்பிடுவோம். கல்ஃபில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்து கடை வைத்தவர். அளவுகளை எக்செல்லில் ஏற்றி, வெட்டவேண்டிய அளவை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்.

அந்த ஆர்டர் முசிறி வாத்தியக் குழுவுக்கு. எட்டு பேருக்குச் சிவப்பு பேண்ட். ஞாயிறு மாலை ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. குழுத் தலைவர் முத்தையன் அளவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, துணியையும் அவரே கொடுத்திருந்தார். அளவான துணி. தப்பாக வெட்டினால் அதே நிறத்தில் வேறு கிடைக்காது.

"பாய், டிரம் அடிக்கிறவருக்கு அறுபத்தாறு வருதுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "டிரம் அடிக்கிறவரு டிரம் மாதிரியே இருப்பாரோ என்னமோ. முதல் ஆளை செக் பண்ணிட்டேன் மாஸ்டர், கரெக்டா இருக்கு. டவுட்டுன்னா போன் போட்டுக் கேளுங்க."

போய்விட்டார். கஸ்டமரிடம் காலர் இறுக்குகிறதா என்று கேட்பதற்கே பொத்தானைப் பார்த்துப் பேசுகிற ஆள் நான். போன் போட்டேன்.

"அண்ணே, வணக்கம்... உங்க ஆளுங்க எல்லாம்... நல்லா சாப்பிடுவாங்களாண்ணே?"

"ஏன், விருந்து வைக்கப்போறீங்களா?"

"இல்லண்ணே. இடுப்பு... அறுபத்தாறு, அறுபத்திரண்டுன்னு வருது."

"யோவ், எங்க ஆளுங்க என்ன நெல்லுக் குதிரா? ஆளோட வரேன். நீங்களே பாருங்க. அப்புறம் துணியை எடுத்துட்டு நான் வேற கடை பாத்துக்கிறேன்."

மத்தியானம் மூன்று பேரோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பாயும் திரும்பியிருந்தார். டிரம் அடிக்கிறவர் பென்சில் மாதிரி இருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முத்தையனைக் காட்டிக் கேட்டார்: "அறுபத்தாறா? என்னையும் இவரையும் சேத்து அளந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தார். முத்தையன் இடுப்பு முப்பத்தாறு, டிரம்காரர் முப்பது. கூட்டினால் அறுபத்தாறு. டிரம்பெட்காரர் முப்பத்திரண்டு. டிரம்காரரின் முப்பதைச் சேர்த்தால் அறுபத்திரண்டு.

நடந்தது இதுதான். எல்லோருக்கும் லூஸ் இரண்டு அங்குலம் விடவேண்டும். பாய் அந்த இரண்டை B1 கட்டத்தில் போட்டு, அதற்குக் கீழே ஒவ்வொருவர் இடுப்பையும் வரிசையாக அடித்திருந்தார். முதல் ஆளான முத்தையனுக்கு, இடுப்போடு B1-ஐக் கூட்டச் சொல்லி ஃபார்முலா. மற்றவர்களுக்கும் அதே கணக்கு வரட்டும் என்று அதைக் கீழே இழுத்தபோது B1-ம் கூடவே B2, B3 என்று இறங்கிவிட்டது. ஆகவே மற்ற எல்லோருக்கும் லூஸுக்குப் பதிலாக மேல் வரி ஆளின் இடுப்பு சேர்ந்துவிட்டது.

பாய் தலையில் அடித்துக்கொண்டு B1-ஐ $B$1 என்று மாற்றினார். "டாலர் போட்டா ஆணி அடிச்ச மாதிரி. எங்க இழுத்தாலும் நகராது."

"எங்க இடுப்புக்கு எதுக்கு பாய் டாலரு?" என்றார் டிரம்காரர்.

பாய் மறுபடி இழுத்தார். அறுபத்தாறு முப்பத்திரண்டானது.

"ஒரே இழுப்புல பாதியா இளைச்சுட்டேன்!"

முத்தையனுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. துணிக்கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஊர்வலத்துல பேண்ட் அவுந்தா, வாசிக்கிறதா, புடிச்சுக்கிறதா?" பாய் புதுச் சீட்டை நீட்டினார். முத்தையன் அதையும் டேப்பையும் வைத்து நாலு பேரையும் தானே அளந்து பார்த்தார். பிறகு துணியை என் மேசையில் வைத்தார்.

"வெட்டுங்க மாஸ்டர். எங்க கண்ணு முன்னாடி வெட்டுங்க."

வெட்டினேன். நாலு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்க, எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவான எண் எதுவாக இருந்தாலும், இழுப்பதற்கு முன் டாலர் போடுங்கள். முதல் வரி எப்போதும் சரியாகத்தான் வரும். பாய் ஏமாந்தது அங்கேதான். இரண்டாவது வரியைப் பாருங்கள். அங்கே கோளாறாகத் தெரிந்தால், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள். பேண்டை வெட்டிவிட்டு, அதற்குத் தகுந்த ஆளை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது.