நாற்பத்தோராவது படம்

என் சித்தி துணிகளைப் பிரித்துத் திருத்தித் தருபவர். தெருவிலுள்ள அத்தனை பேரின் இடுப்பளவும் அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டார். அவரிடம் ஒரு பழைய பிலிம் கேமரா இருக்கிறது. சுருளுக்கு முப்பத்தாறு படம். ஒரு நாளுக்கு ஒன்றுதான் என்று தனக்குத் தானே சட்டம் போட்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் ஆவி, மேசைக்கடியில் சேர்ந்த நூல் துணுக்குகள், கம்பி நிழல் விழுந்த ஒரு சட்டை முதுகு. வாடிக்கையாளர் வந்தாலும், வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொல்வார்.

பஸ் ஓட்டும் சித்தப்பாவுக்குப் புரியாதது ஒன்றுதான்: குப்பையைக் கூட்டாமல் எதற்குப் படமெடுக்க வேண்டும்? தன் பக்கம் கேமரா திரும்பினால் எழுந்து போய்விடுவார். ஓட்டுநர் உரிமத்தில் தன் காதுகளைப் பார்த்த நாளிலிருந்து அப்படி. கல்யாணப் படத்தில்கூட யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிகிறது. சித்திக்கு இந்தச் சுருளில் வேண்டியிருந்தது அவர் முகம்தான். மற்றதெல்லாம் சாக்கு என்றே நினைக்கிறேன்.

முப்பத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, என்ன நினைத்தாரோ, "எடுத்துத் தொலை" என்றார். சித்தி எடுத்தார். அன்று அவர் தைத்த பட்டன்களெல்லாம் ஒரு துளை தள்ளியே இருந்தன.

சுருள் முடியவில்லை. கேமராவில் படத்தின் எண் முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று போனது. கம்பெனிக்காரனுக்குத் தாராள மனசு என்று சித்தி பெருமைப்பட்டார். நாற்பத்தோராவது படத்தை எடுத்து, பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார்.

"இந்தப் பக்கக் குமிழ் எதுக்கு?"

"பிலிம் நகர்ந்தா அதுவும் கூடச் சுத்தும்."

"சுத்தலையே. மீட்டர்தான் ஓடுது, வண்டி நின்ன இடத்துலயே நிக்குது."

சித்தி மூடியைத் திறந்தார். பிலிமின் நுனி சக்கரப் பல்லில் மாட்டாமல் நழுவிக் கிடந்தது. முப்பத்தாறும் போட்டபடியே பத்திரமாக இருந்தன; ஒரு படம்கூடப் பதியவில்லை. நாற்பத்தொரு நாளும் வெளிச்சத்தைப் பார்த்தவர் குமிழைப் பார்க்கவில்லை. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"ஆவி நாளைக்கும் வரும். நூலும் விழும்," என்று சொல்லிச் சித்தி அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

சித்தப்பா கை கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்தவர் தலையைப் படிய வாரியிருந்தார். ஜன்னலோர முக்காலியில் போய் உட்கார்ந்து, டியூட்டிக்கு நேரமாகிறது என்று சுவரிடம் சொன்னார்.

சித்தி பிலிமை மறுபடி மாட்டினார். இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தார்.

"அன்னைக்குத் தலை இப்படியா இருந்துச்சு? கலைச்சு விடுங்க."

கலைத்தார்.

சித்தி லீவரை இழுத்தார். லென்ஸைப் பார்க்கச் சொன்னால் சித்தப்பா குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்துது, சுத்துது," என்றார், வாயெல்லாம் பல்லாக. சித்தி அழுத்திவிட்டார்.

அவர் அசைந்துவிட்டார், படம் ஆடியிருக்கும் என்றேன்.

"ஆடட்டும்," என்றார் சித்தி.