மிஷன் மாட்டுக்கொட்டில்

அந்தக் கோடையில் மாமி எங்களோடு கனடாவில், மொன்றியலில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். மாமி அப்பாவின் தங்கை. மன்னாரில் மாமாவை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் வெளியே வந்ததும் பின்னால் அனுப்பிவைப்பதாகச் சொல்லி, சொந்தக்காரர்கள் மாமியை முதலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வீட்டில் தொலைபேசி அடித்தால் வேறு யாரும் எழும்புவதில்லை, மாமிதான் ஓடுவார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயில் பாதர் எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். வயதான கியூபெக்காரர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆற்றங்கரையில் உள்ள பழைய மிஷன் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்றார் அப்பா. அன்று எல்லோரும் மாமியிடம் வழக்கத்துக்கு மீறிய அன்போடு இருந்தார்கள். நான் அழுதும்கூட முன்சீற் அவருக்கே கிடைத்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலம் தாண்டும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷன் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. கோயிலும் இல்லை, குருமாரும் இல்லை. முழு மரங்களை அடுக்கிக் கட்டிய மாட்டுக்கொட்டில் ஒன்றை மட்டும் பழுதுபார்த்துப் பூட்டி வைத்திருந்தார்கள். பாதர் திறப்பு வாங்கி வந்து கதவைத் திறந்தார். மாமி உள்ளே ஓடிப்போய் மரங்களைத் தடவினார். மரங்களுக்கிடையே பூசியிருந்த களிமண்ணைச் சுரண்டி முகர்ந்தார்.

"அண்ணை, மாட்டுக்குக் கட்டினதை எவ்வளவு கவனமா வச்சிருக்கினம் பாருங்கோ! இவர் வந்தவுடன கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணும். மாடெண்டால் அவருக்குச் சோறும் வேண்டாம்."

அத்தனை மாதங்களில் மாமி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா பாதரைப் பார்த்தார். பாதர் தலையசைத்தார். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

அம்மா ஆற்றைப் பார்த்தபடி நின்றார். நான் புல்லில் இருந்து மஞ்சள் பூக்களைப் பிய்த்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நீண்டு, உடைந்துபோன சத்தம்.

"அம்மா, உள்ளுக்கு மாடு கத்துது!" என்று துள்ளினேன். அம்மா என்னை வயிற்றோடு அணைத்து என் இரண்டு காதுகளையும் பொத்தினார்.

மாமா இனி இல்லை என்ற செய்தி அந்தக் கிழமை அப்பாவின் வேலைத்தலத்துக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் எங்கள் வீட்டில் வைத்து அதைச் சொல்ல அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. அவள் வாய்விட்டு அழ ஓர் இடம் வேண்டும் என்று பாதரிடம் கேட்டிருக்கிறார். இதெல்லாம் அம்மா சொல்லி நான் அறிந்தபோது எனக்குக் கலியாணமே முடிந்திருந்தது.

கதவு திறந்தது. பாதரின் கையைப் பிடித்துக்கொண்டு மாமி வந்தார். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. சட்டையெல்லாம் களிமண். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"மாமி, உள்ளுக்கு மாடு நிக்குதோ?"

அவர் என்னிடம் குனிந்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "நிக்குது."

நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மூலை மூலையாகத் தேடினேன். பிறகு வெளியே வந்து, உள்ளே ஒன்றுமே இல்லை, மாமி பொய் சொல்லுறா என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். அப்பாகூட என்னை ஏசவில்லை. நான்தான் வென்றுவிட்டேன் என்று நினைத்தபடி காரில் ஏறினேன்.